எடநீர் மடம் முதல் செமினி வரை: சட்ட முதுகலையில் என்ன படிக்கிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளையில் நின்று பார்த்தால், பூக்கடைக் கூட்டத்தையும் புடவைக் கடைக் கூட்டத்தையும் தாண்டி இன்னொரு கூட்டம் கண்ணில் படும். தோளில் பை, கையில் தடித்த புத்தகம். சட்டம் படிக்கும் பிள்ளைகள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நடந்தே வகுப்புக்கு வருகிறவர்கள் இவர்களில் உண்டு.

பட்டப்படிப்பு முடிந்து, சி.எல்.பி. தேர்வும் தேறி, ஒன்பது மாத 'சேம்பரிங்' பயிற்சியும் முடிந்து, பிள்ளை கறுப்பு அங்கி போட்டு நின்றால்தான் பெற்றோருக்கு நிம்மதி. அந்த நேரத்தில் பிள்ளை வந்து, "அப்பா, மாஸ்டர்ஸ் பண்ணலாமுன்னு இருக்கேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? "அதான் லாயர் ஆயிட்டியேம்மா, இன்னும் என்ன படிப்பு?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

நியாயமான கேள்வி. வீட்டுக் கடன், கார் கடன் கட்டுகிற குடும்பம் அப்படித்தான் கேட்கும். எனவே முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. முதுகலைச் சட்டப் பட்டம் வழக்கறிஞர் உரிமம் அல்ல. மலேசியாவில் யார் வழக்காடலாம் என்பதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தனியாக வரையறுக்கிறது. இந்தியாவிலோ பிரிட்டனிலோ முதுகலை முடித்தாலே இங்கு வழக்காடலாம் என்று எண்ணி யாரும் பணத்தைக் கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் எதற்கு அந்தப் படிப்பு? சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பட்டப்படிப்பு கற்றுத் தருகிறது. அது ஏன் அப்படிச் சொல்கிறது, சொன்னபடி நடக்காதபோது என்ன ஆகிறது என்பதை முதுகலை கேட்கிறது. இந்திய அரசியலமைப்புச் சட்டம், அனைத்துலகச் சட்டம், மனித உரிமை, குடும்பச் சட்டம் என்று பாடங்களின் பெயர்கள் எட்டாத உயரத்தில் இருப்பதுபோல் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் கோலாலம்பூர் பொது மருத்துவமனையும் செமினி நிலமும் உலு லங்காட் பள்ளிக்கூடமும் அங்கே இருக்கின்றன.

நமக்கு ஏன் இந்தியச் சட்டம்?

மலேசியத் தமிழ் மாணவர் இந்தியச் சட்டத்தைப் படிப்பதற்குக் காரணம் பூர்வீகப் பாசம் அல்ல. இந்த நாட்டின் சட்டப் புத்தகங்களில் பாதி அங்கிருந்து வந்தவை என்றே சொல்லலாம். தண்டனைச் சட்டத்தின் வேர் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம். ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872-இல் இந்தியாவில் எழுதப்பட்டவற்றின் வழி வந்தவை. சுதந்திரத்துக்கு முன் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு அந்த ஆணையத்தின் முன்னால் ஒரு மாதிரியாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்ப் படங்கள் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் 'ஃபோர் ட்வென்ட்டி' என்றால் ஏமாற்றுக்காரன் என்று தெரியும். மோசடிக்கான பிரிவு 420 என்பதால் வந்த பெயர் அது. 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்தியா பழைய தண்டனைச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. மோசடி இப்போது அங்கே 318-ஆவது பிரிவு. கொலைக்கான 302, 103 ஆகிவிட்டது. மலேசியாவிலோ மோசடி இன்னும் 420, கொலை இன்னும் 302. பிறந்த ஊரில் பெயரை மாற்றிக்கொண்டவர், பிழைக்க வந்த ஊரில் பழைய பெயரோடு வாழ்கிறார்!

இந்தியத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். எதை எடுத்தார்கள், எதை மறுத்தார்கள், எப்போது மனம் மாறினார்கள் என்பதுதான் முதுகலை மாணவருக்குத் தீனி.

மடாதிபதி தொடுத்த வழக்கு

கேரளாவின் காசர்கோடு பகுதியில் எடநீர் மடம் என்றொரு மடம் இருக்கிறது. அதன் மடாதிபதி கேசவானந்த பாரதி, நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்தின் நிலம் பறிபோவதை எதிர்த்து 1970-இல் இந்திய உச்சநீதிமன்றம் போனார். வழக்கு எங்கெங்கோ போய், நாடாளுமன்றம் அரசியலமைப்பை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்ற கேள்வியில் வந்து நின்றது. 13 நீதிபதிகள் அமர்ந்து 68 நாட்கள் வாதம் கேட்டார்கள். 1973 ஏப்ரல் 24-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம்.

அந்த ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் பிறந்ததுதான் 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற கோட்பாடு. சுருங்கச் சொன்னால், வீட்டுக்காரர் சுவருக்கு வேறு சாயம் பூசலாம், அறையைப் பெரிதாக்கலாம், கூரையை மாற்றலாம். தூணை மட்டும் அறுக்க முடியாது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தாலும் நீதிமன்றச் சுதந்திரம், ஜனநாயகம் போன்ற தூண்களில் கை வைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கேசவானந்த பாரதிக்கு என்ன கிடைத்தது? அவர் கேட்டுப் போன நிலம் கிடைக்கவில்லை. 2020 செப்டம்பரில் அவர் காலமானபோது அவருடைய பெயர் உலகச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இருந்தது. இந்த முரணை மாணவர்கள் மறக்கக் கூடாது, இதே கதை பின்னால் மறுபடியும் வரும்.

இந்தக் கோட்பாடு 1977-இல் மலேசியாவுக்கு வந்து கதவைத் தட்டியது. லோ கூய் சூன் வழக்கில் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா (பின்னாளில் பேரா சுல்தான் ஆனவர்) அதை ஏற்கவில்லை. மலேசிய அரசியலமைப்பைத் திருத்தும் வழி அந்த அரசியலமைப்பிலேயே இருக்கிறது, இந்தியக் கோட்பாடு இங்கு வேண்டாம் என்ற நிலைப்பாடு எடுக்கப்பட்டது. 1980-இல் வந்த பாங் சின் ஹொக் வழக்கிலும் அதே முடிவுதான்.

அடுத்து 1988. நாட்டின் நீதித்துறை வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் அரசியலமைப்பின் 121-ஆவது பிரிவும் திருத்தப்பட்டது. 'நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும்' என்ற பொருள் கொண்ட வாசகம் போனது. கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்று ஆனது. கூடவே 121(1ஏ) என்ற சிறு உட்பிரிவு ஒன்றும் சேர்ந்தது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் சிவில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் பொருள். இரண்டு வரி கூட இல்லாத அந்த உட்பிரிவு எத்தனை வீடுகளுக்குள் நுழையப் போகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

காற்று திசை மாறத் தொடங்கியது சிவராசா ராசையா வழக்கில். நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர் வழக்கறிஞர் மன்றத்தின் நிர்வாகத்தில் இடம்பெற முடியாது என்ற விதியை எதிர்த்து, அவர் தொடுத்த வழக்கு அது. வழக்கு தோற்றது. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அதன் அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு பகுதி என்று எழுதி வைத்தார்.

இங்கேதான் முதுகலை மாணவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தீர்ப்பில் இரண்டு வகைப் பேச்சு இருக்கும். வழக்கு முடிவதற்குத் தேவையான காரணம் ஒன்று, போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்து இன்னொன்று. முன்னதுதான் கீழ் நீதிமன்றங்களைக் கட்டும், பின்னது கட்டாது. சிவராசா வழக்கில் சொல்லப்பட்டது எந்த வகை? அதைப் பற்றி மட்டுமே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம்.

2017 ஏப்ரலில் அந்த விதை முளைத்தது. முளைத்த இடம் காஜாங்கிற்குப் பக்கத்தில் உள்ள செமினி. நெடுஞ்சாலைக்காக அங்கே ஒரு நிறுவனத்தின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. இழப்பீடு எவ்வளவு என்பதை உயர்நீதிமன்ற நீதிபதியோடு அமரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்வார்கள், நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 40டி பிரிவு சொன்னது. நீதிபதி அல்லாதவர் தீர்ப்புச் சொல்வதா என்ற கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. நீதி அதிகாரம் நீதிபதிகளுக்கே உரியது, அது அரசியலமைப்பின் தூண், அதைப் பிறரிடம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி.

இதோடு விவாதம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் மரியா சின் அப்துல்லாவின் பயணத் தடை வழக்கில் ஏழு நீதிபதிகளில் ஐவர் இந்தக் கோட்பாட்டை ஏற்க மறுத்தார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவர் அப்போதைய தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுனும் நீதிபதி நளினி பத்மநாதனும் ஆவர். பெரும்பான்மைத் தீர்ப்பையும் சிறுபான்மைத் தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவருக்கு வேறு பாடநூல் தேவைப்படாது.

கையெழுத்திட்ட உடன்படிக்கை எங்கே?

அனைத்துலகச் சட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தீவுகள். சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002-இல் நமக்குக் கிடைத்தன, 2008-இல் பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்குப் போனது. இரண்டும் ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் நடந்தவை. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்குகள். தனி மனிதர் அந்தப் படி ஏற முடியாது.

தனி மனிதருக்கு வேண்டிய அனைத்துலகச் சட்டம் வேறு. அரசாங்கம் வெளிநாட்டில் ஓர் உடன்படிக்கையில் இணைந்துவிட்டது. அதை இங்குள்ள நீதிமன்றத்தில் காட்டி உரிமை கேட்க முடியுமா? முதுகலைப் பாடத்தின் மையக் கேள்விகளில் இது ஒன்று. மலேசியாவிலும் இந்தியாவிலும் பொது விதி ஒன்றுதான். நாடாளுமன்றம் உள்நாட்டில் சட்டம் இயற்றினால்தான் உடன்படிக்கைக்கு உயிர்.

விதி ஒன்றாக இருந்தாலும் இந்தியா அதை வளைத்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன கிராம சமூகப் பணியாளரான பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு வேலை செய்தது. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க உள்நாட்டில் சட்டம் இல்லை, ஆனால் 'சீடாவ்' எனப்படும் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருக்கிறது, சட்டம் வரும் வரை இந்த வழிகாட்டிகளே சட்டம் என்று அறிவித்துவிட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013-இல். 16 ஆண்டுகள் ஒரு தீர்ப்பே சட்டமாக நின்றது.

மலேசியா சீடாவில் இணைந்தது 1995-இல். 2001-இல் அரசியலமைப்பின் 8(2) பிரிவில் 'பாலினம்' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. இதன் பலன் ஒரு தற்காலிக ஆசிரியைக்கு வந்தது. உலு லங்காட் வட்டாரத்தில் நூர்ஃபடில்லா என்ற பெண்ணுக்கு 2009-இல் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்து, அவர் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் அந்த நியமனம் திரும்பப் பெறப்பட்டது. 2011 ஜூலையில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், இது பாலினப் பாகுபாடு, சீடாவ் உடன்படிக்கை மலேசியாவைக் கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தது. பெண்கள் அமைப்புகள் கொண்டாடின.

பிறகு? இழப்பீடாக 300,000 வெள்ளி நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது 30,000 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. 2014-இல் ஏர் ஆசியா நிறுவனத்துக்கும் ஒரு பெண் பயிற்சிப் பொறியாளருக்கும் இடையிலான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டமாக இயற்றப்படாத சீடாவுக்கு இங்கே சட்ட வலு இல்லை என்று சொல்லிவிட்டது. விசாகா இந்தியாவில் 16 ஆண்டு நின்றது. நூர்ஃபடில்லா தீர்ப்பு இங்கே மூன்று ஆண்டில் ஆட்டம் கண்டது. ஒரே உடன்படிக்கை, ஒரே பொது விதி. வித்தியாசம் எங்கே வந்தது? ஒப்பீட்டு ஆய்வு என்பது இதுதான்.

இரண்டும் சந்திக்கும் வீடு

அரசியலமைப்பும் அனைத்துலக உடன்படிக்கையும் ஒரே வீட்டில் சந்தித்த வழக்குகளை மலேசியத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டு மலேசிய எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்றிருந்த மூர்த்தி, 2005 டிசம்பர் 20-ஆம் தேதி கோலாலம்பூர் மருத்துவமனையில் இறந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று சமய இலாகா சொன்னது. இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி காளியம்மாள் சொன்னார். ஷரியா நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது, 121(1ஏ)-இன்படி தலையிட அதிகாரம் இல்லை என்று டிசம்பர் 28-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் கையை விரித்தது. அவர் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். முஸ்லிம் அல்லாத மனைவியோ ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. அப்படியென்றால் அவர் போக வேண்டிய நீதிமன்றம் எது? 1988-இல் சேர்ந்த சிறு உட்பிரிவு அன்று எல்லோர் வீட்டிலும் பேச்சாகிவிட்டது.

சாமளா, சுபாஷினி, தீபா என்று பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. 2007 டிசம்பரில் சுபாஷினி வழக்கில், பெற்றோரில் ஒருவரே பிள்ளையின் சமயத்தை மாற்றலாம் என்று கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். 2010-இல் சாமளா வழக்கில், அவர் பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போய்விட்டார், நீதிமன்றத்தை அவமதித்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்லாமல் விட்டார்கள்.

பதில் வந்தது ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கில். 2009-இல் அவருடைய கணவர் மதம் மாறினார். மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். பிள்ளைகள் அந்த இடத்தில் இல்லவே இல்லை. பதினொரு மாதக் கைக்குழந்தையாக இருந்த கடைசி மகளைத் தந்தை கொண்டுபோய்விட்டார். 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்திரா காந்தியின் பக்கம் நின்றார்கள்.

தீர்ப்பை எழுதியவர் அதே நீதிபதி சைனுன் அலி. செமினி நில வழக்கில் நட்ட தூணின் மேல்தான் இந்த வீடு கட்டப்பட்டது. அரசு அதிகாரி செய்தது சட்டப்படி சரியா என்று பார்ப்பது சிவில் நீதிமன்றத்தின் அடிப்படைப் பணி, அந்தச் சீராய்வு அதிகாரத்தை 121(1ஏ) பறிக்கவில்லை என்றது தீர்ப்பு. ஒரு நிறுவனத்தின் இழப்பீட்டுக் கணக்கும் ஒரு தாயின் கண்ணீரும் ஒரே கோட்பாட்டில் வந்து சேரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இந்த வழக்கின் இன்னொரு பாதி ஒரே சொல்லைப் பற்றியது. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் தீர்மானிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 12(4) பிரிவு. ஆங்கில மூலத்தில் 'பேரண்ட்' என்று ஒருமையில் இருக்கிறது. மலாய் வாசகத்தில் 'இபு அத்தாவ் பாப்பா', அதாவது தாய் அல்லது தந்தை. அப்படியானால் ஒருவர் போதும் என்றது ஒரு தரப்பு. சொல்லைத் தனியாகப் பிடுங்கி எடுத்துப் படிக்கக் கூடாது, சட்டத்தின் நோக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும், தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளை மேல் சம உரிமை இருக்கும்போது ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மொழி தெரிந்த மாணவருக்குச் சட்டம் இனிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தியாவிலும் இதன் சொந்தக்கார வழக்கு ஒன்று உண்டு. முதல் மனைவி இருக்க, மதம் மாறி இரண்டாம் திருமணம் செய்துகொண்ட கணவர்களைப் பற்றிய சரளா முத்கல் வழக்கில், முதல் திருமணம் அதனால் கலையாது, இரண்டாவது செல்லாது என்று 1995-இல் உச்சநீதிமன்றம் கூறியது. மலேசியாவிலும் மதம் மாறிய கணவர் பழைய திருமணத்தின் கடமைகளிலிருந்து நழுவ முடியாது என்ற வகையில் 1994-லேயே டான் சுங் மூய் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. ஆனால் இங்கே இரண்டு நீதிமன்ற அமைப்புகள் அக்கம்பக்கமாக இருப்பதால் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. இந்தியத் தீர்ப்பை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது.

அனைத்துலகச் சட்டம் இதில் எங்கே வருகிறது? குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் மலேசியா 1995-இல் சில விலக்குகளோடு இணைந்திருக்கிறது. குழந்தையின் நலனே முதன்மை என்பது அதன் உயிர்நாடி. ஆனால் உடன்படிக்கையை நிறைவேற்ற மாநில அதிகாரத்துக்குள்ளும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அனுமதிக்கும் 76-ஆவது பிரிவு, இஸ்லாமியச் சட்டத்தையும் மலாய்க்காரர் வழக்காறுகளையும் அந்த அனுமதியிலிருந்து விலக்கி வைக்கிறது. அதனால் ஒவ்வொரு மாநிலச் சட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தடுக்கும் '88ஏ' என்ற பிரிவு 2017-இல் திருமணச் சட்டத் திருத்த மசோதாவிலிருந்து கைவிடப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். மீதித் திருத்தங்கள் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன.

2018 தீர்ப்பு வீண் போகவில்லை. பெர்லிசில் மூன்று பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்துப் போராடிய தனித்து வாழும் தாய் லோ சியூ ஹோங்கிற்கு 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றமும் எதிர்த்தரப்பின் மனுவைத் தள்ளியது. இந்திரா காந்தி போட்ட பாதையில்தான் அவர் நடந்தார்.

பாதை போட்டவருக்கு? நீதிமன்றங்கள் கடைசி மகளைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னன. கணவரைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் காவல்துறைத் தலைவருக்கே உத்தரவிட்டது. மகள் வரவில்லை. ஆணையை நிறைவேற்றத் தவறியதாகக் கூறி 10 கோடி வெள்ளி இழப்பீடு கேட்டு அவர் காவல்துறைத் தலைவர், அரசாங்கம் ஆகிய தரப்புகள் மேல் தொடுத்த வழக்கையும் 2024 ஜூனில் ஈப்போ உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கைக்குழந்தையாகப் போன மகள் பதின்ம வயதுப் பெண் ஆகிவிட்டார்.

எங்கே தொடங்குவது?

முதுகலைக்குப் போகும் மாணவர் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார், பிறகு தலைப்பைத் தேடுகிறார். வரிசை தலைகீழாக இருந்தால் நல்லது. தன்னைத் தூங்க விடாத ஒரு கேள்வியை முதலில் பிடித்துக்கொண்டால், அதைச் சொல்லித் தரக்கூடிய பேராசிரியர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா, பாங்கியில் இருக்கிறாரா, பெங்களூரில் இருக்கிறாரா, லண்டனில் இருக்கிறாரா என்று பார்ப்பது எளிது. கட்டணத்தையும் பட்டத்தின் அங்கீகாரத்தையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்குவது அதைவிட முக்கியம்.

தீர்ப்புகளை மூலத்திலேயே படிக்கப் பழக வேண்டும். பத்திரிகையில் வரும் நான்கு பத்தி போதாது. கேசவானந்த பாரதி தீர்ப்பு நூற்றுக்கணக்கான பக்கம், மிரள வேண்டாம். மலேசியத் தீர்ப்புகள் அதை எந்த இடத்தில் மேற்கோள் காட்டுகின்றன என்று பார்த்து, அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கினால் போதும். இந்திய உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் இரண்டு மொழியிலும் சட்டச் சொற்கள் கைவரும். கிள்ளான் நீதிமன்றத்தில் ஆங்கிலமும் மலாயும் புரியாமல் நிற்கும் ஒரு பாட்டிக்கு விளக்கிச் சொல்ல அந்தச் சொற்கள் தேவைப்படும்.

ஆய்வுத் தலைப்புக்கு அலைகிறவர்களுக்கு ஒன்று. நீதிமன்றம் ஆணை போட்டும் அரசு இயந்திரம் நகராதபோது என்ன செய்வது என்ற கேள்வியை இந்தியா 1997-இல் வினீத் நாராயண் வழக்கில் சந்தித்தது. உயர்மட்ட ஊழல் விசாரணை நகராமல் கிடந்தது. ஆணை பிறப்பித்துவிட்டு வழக்கை மூடாமல், திறந்தே வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கால இடைவெளியில் அதிகாரிகளை வரவழைத்து, "எதுவரை வந்தீர்கள்?" என்று கேட்கும் முறையை உச்சநீதிமன்றம் அங்கே கையாண்டது. 'தொடர் கட்டளை' என்று அதைச் சொல்லலாம். காவல்துறை ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வழக்கில் அந்த முறையை மலேசிய நீதிமன்றம் பின்பற்ற முடியுமா, 121-ஆவது பிரிவு அதற்கு இடம் தருமா, குழந்தைகள் உரிமை உடன்படிக்கை அதற்குத் துணை நிற்குமா? இந்தியச் சட்டம், மலேசிய அரசியலமைப்பு, அனைத்துலகச் சட்டம் மூன்றும் ஒரே கேள்வியில் இருக்கின்றன. ஈப்போவில் ஒரு தாய் 2009-லிருந்து அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.